நாற்பது பீப்பாய் அத்தர்

ஃபெராரா, மார்ச் 2

அன்புத் தங்கை பிஸ்த்ராவுக்கு,

அக்கா ருமியானா எழுதுவது. நீ நல்லபடியாக இருப்பாய் என்ற நினைப்பில்தான் இங்கே இத்தாலியில் என் பொழுது போகிறது. நானும் நலம், நான் பார்த்துக்கொள்ளும் ஜினோ கிழவரும் நலம். அவருக்குச் சளி விட்டது, கோபம் மட்டும் விடவில்லை. நேற்று மார்ச் முதல் தேதி என்பதால் நம் பல்கேரிய வழக்கப்படி அவர் கையிலும் சிவப்பு வெள்ளை நூல் கட்டினேன். திட்டினார். ஆனால் அவிழ்க்கவில்லை. உனக்கும் ஒரு நூல் வைத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கிழவரின் மகளும் பக்கத்திலேயே நிற்கிறாள். வெலிச்கோவின் வேன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோபியாவுக்குப் போய் வருகிறது. ஊறுகாய்ப் பாட்டிலும் பழைய துணியும் போகிற வண்டியில் ஒரு காகிதமும் போகட்டுமே.

போன ஞாயிறு நம் ஊர்ப் பெண்கள் ஏழு பேரும் மதில் ஓரத்துப் பூங்காவில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். பென்கா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இது உன் தங்கச்சி தானே?" என்றாள். நீ வேலை பார்க்கும் ஜெதோன் 24 செய்தித் தளத்தில் உன் பெயர், உன் படம். ரோசலின் என்று புதிதாக ஒரு கிரிப்டோ நாணயம் வந்திருப்பதைப் பற்றி நீ எழுதிய கட்டுரை. ரோஜா விளையும் கசன்லக் ஊர்க் கிடங்கில் நாற்பது பீப்பாய் ரோஜா அத்தர் இருக்கிறது, ஒவ்வொரு நாணயத்துக்கும் அதுதான் ஈடு என்று போட்டிருந்தது. நான்தான் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எட்டு வருடமாக அடுத்தவர் அப்பா அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவள், அன்றைக்கு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன்.

அந்தப் பீப்பாய்களை நீ நேரில் பார்த்தாயா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

அக்கா ருமியானா


சோபியா, மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நூல் வந்தது, அன்றே கட்டிக்கொண்டேன். நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. கிழவரைத் தனியாகத் தூக்காதே.

இங்கே வேலை அதிகம். ஒரு நாளைக்கு ஆறு செய்தி போட வேண்டியிருக்கிறது. முதலாளி பிளாமென் புதிதாக இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார். அலுவலகத்துக்குப் புது காபி இயந்திரமும் வந்திருக்கிறது. வீட்டுக் கடன் போக மிச்சத்தில் ஒரு குளிர் கோட்டு வாங்கினேன். நீ பார்த்தால் விலையைக் கேட்டுத் திட்டுவாய்.

வெலிச்கோவிடம் இரண்டு பாட்டில் மிளகாய்த் துவையலும், பொட்டலம் கட்டிய வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கொடுத்திருக்கிறேன். துவையல் கடையில் வாங்கியது, நான் செய்ததாகச் சொல்லிக்கொள். கோடையில் வருகிறாய் அல்லவா? ஊரில் நம் வீட்டுக் கூரையை இந்த முறையாவது மாற்றிவிடலாம்.

உன் தங்கை
பிஸ்த்ரா


ஃபெராரா, ஏப்ரல் 26

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். எனக்கு இடுப்பு பரவாயில்லை. இவர்கள் ஈஸ்டர் ஒரு நாள், நம் ஈஸ்டர் ஒரு நாள் என்று இந்த வருடம் இரண்டு தடவை முட்டைக்குச் சாயம் போட்டேன். கிழவர் இரண்டு தடவையும் சாப்பிட்டார்.

துவையலை ஸ்லாத்கா ஒரு விரல் நக்கிவிட்டு, "இது கடைச் சரக்கு" என்று சொல்லிவிட்டாள். அவளை ஏமாற்ற முடியாது. பக்கவாதம் வந்த ஒரு பாட்டியம்மாவை நான்கு வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவள். கண் அப்படி.

அவள்தான் என்னிடம் ஒன்று கேட்டாள். நான் போன கடிதத்தில் கேட்டதும் அதுவேதான். நீ காபி இயந்திரம் பற்றி எழுதியிருக்கிறாய், கோட்டு பற்றி எழுதியிருக்கிறாய். பீப்பாய் பற்றி எழுதவில்லை. கட்டுரையில் "கிடங்குக்குள் நுழைந்ததும் வாசனை ஆளைத் தூக்கியது" என்று இருக்கிறது. யாரை, உன்னையா?

கோடையில் வருவது சந்தேகம். கூரை இன்னும் ஒரு குளிரைத் தாங்கும்.

அக்கா


சோபியா, மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நான் அந்தப் பீப்பாய்களைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டுரையை நான் எழுதவும் இல்லை. விளம்பர ஏஜென்சிக்காரர்கள் எழுதி அனுப்புவார்கள். பிளாமென் அதன் மேல் எங்களில் ஒருவர் பெயரையும் படத்தையும் போடுவார். காசு வாங்கிப் போட்டது என்று எங்கேயும் இருக்காது. முதல் முறை கேட்டேன். எல்லாத் தளமும் இதைத்தான் செய்கிறது என்றார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

உன் "யாரை, உன்னையா?" எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை பஸ் பிடித்துக் கசன்லக் போனேன். கட்டுரையில் இருந்த முகவரியில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை இருந்தது. அத்தர்க் கிடங்கு எங்கே என்றேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானே அந்தப் படத்துல இருக்கிற பொண்ணு?" என்றார். "போன வாரம் வார்னாவிலேருந்து ஒரு பெரியவர் வந்தாரு. உன் மூஞ்சியைக் காகிதத்துல அச்செடுத்துக் கையில வச்சிருந்தாரு. இந்தப் பொண்ணு பார்த்தேன்னு எழுதியிருக்கே, நீ இல்லேங்கிறியேன்னு எங்கிட்ட சண்டை. தண்ணி குடுத்து உட்கார வச்சேன்."

ஊருக்கு வெளியே ரோஜாப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த ஐஷே என்ற பெண்ணிடம் நாற்பது பீப்பாய் அத்தர் என்றேன். அவள் பக்கத்து வரிசைப் பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னாள். எல்லோரும் மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

"இந்தப் பள்ளத்தாக்கு மொத்தமும் நாலு வருசம் பறிச்சாலும் நாப்பது பீப்பா தேறாதும்மா. யாரு எழுதினது? ஒரு பூவாவது பறிச்சிருப்பாளா?"

அது என் பெயரில்தான் வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. யாரிடமாவது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அக்கா. ஒரே ஒரு போன்.

நீ அதில் பணம் போட்டாயா? மறைக்காமல் சொல். போட்டிருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடு.

பிஸ்த்ரா


சோபியா, ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வேன் இரண்டு முறை வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. போனை எடுத்தால், கிழவர் தூங்குகிறார் என்று வைத்துவிடுகிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வெலிச்கோ சொன்னான். அதோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது.

பிளாமெனிடம் பேசினேன். அந்தக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன். அவர் கத்தவில்லை. பனித்சாப் பலகாரத்தைப் பிய்த்து எனக்கும் பாதி கொடுத்தார். எடுத்தால் ஏஜென்சிக்கு நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றார். படிக்கிறவர்கள் குழந்தைகள் இல்லை என்றார். பிறகு கணினியைத் திருப்பி ஒரு விலைப் பட்டியலைக் காட்டினார். 'விளம்பரம்' என்று குறித்துப் போட்டால் ஒரு விலை. குறிப்பே இல்லாமல் செய்தி மாதிரிப் போட்டால் மூன்று மடங்கு. நிருபர் பெயரும் படமும் சேர்ந்தால் ஐந்து மடங்கு.

"உன் பேருக்குத்தாம்மா இங்க விலை ஜாஸ்தி. பெருமைப்படணும் நீ," என்றார்.

அவர் காபி எடுக்கப் போனபோது அந்தப் பட்டியலை என் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரோசலினின் பக்கம் நான்கு நாளாகத் திறக்கவில்லை. நீ பார்த்திருப்பாய்.

பிஸ்த்ரா


ஃபெராரா, ஜூலை 13

தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன், உடம்பில் குறையில்லை. நீயும் அப்படியே இரு.

ஆமாம், போட்டேன். எவ்வளவு என்று கேட்காதே. உன் மே மாதக் கடிதம் வந்தபோதே எடுக்கப் பார்த்தேன். உள்ளே போட ஒரு நொடி, வெளியே எடுக்க முப்பது நாள் என்றார்கள். முப்பது நாள் முடிவதற்குள் கடையையே மூடிவிட்டார்கள்.

உனக்கு நான் சொல்லாதது அதுவல்ல. ஆறு பேரையும் சேர்த்துவிட்டதே நான்தான். என் தங்கை நேரில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்?

நான்கு ஞாயிறு பூங்காப் பக்கம் போகவில்லை. ஐந்தாவது ஞாயிறு போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கசன்லக் கடிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். பென்கா அழுதாள். ஸ்லாத்கா அழவில்லை.

"உன் தங்கச்சி பார்த்தேன்னு எழுதினா. நீ நம்புன்னு சொன்னே. உங்க வீட்டுல ஒருத்தியாவது போய் எட்டிப் பார்த்தீங்களாடி?" என்றாள்.

நான் தலையைத் தொங்கப் போடவில்லை. நாங்கள் குனிந்தால் குளிர்காயப் போவது அந்தப் பயல்கள்தான். ஊரில் தெரிந்தால் மானம் போகும் என்று யோர்தான்கா முணுமுணுத்தாள். மானம் போக வேண்டியது திருடினவனுக்கு, உனக்கு எதற்கு என்றேன். அப்புறம் பென்கா மூக்கைச் சிந்திவிட்டு, எழுதுவோம் என்றாள்.

எழுதினோம். ஆளுக்கு ஒரு காகிதம். பெயர், வயது, சொந்த ஊர், போட்ட தொகை, எப்படி நம்பினோம் என்ற விவரம், கையெழுத்து. ஸ்லாத்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், ஆனாலும் எழுதிக் கொடுத்தாள். யோர்தான்கா எழுதியதைப் பார்: "கட்டுரையில் நம்மூர்ப் பெண்ணின் முகம் இருந்தது. அதனால் மீதியைப் படிக்கவில்லை." ஏழாவது காகிதம் என்னுடையது.

உன் பெயரைக் காட்டித்தான் எங்களை ஏமாற்றினார்கள். அதே பெயரில், அதே இடத்தில் இதைப் போடு. பாவப்பட்ட பெண்கள் என்று எழுதாதே. பெயர்களை மறைக்காதே.

அக்கா ருமியானா


சோபியா, ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். ஏழு காகிதங்களும் வந்து சேர்ந்தன. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கோபப்படாமல் கேள். வேலையில் சேரும்போது ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அலுவலக விஷயத்தை வெளியே சொன்னால் வழக்குப் போடலாம். இந்த வீட்டுக்கு இன்னும் பத்தொன்பது வருடக் கடன் இருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்தேன், காகிதத்தை வாங்கி முத்திரை குத்தினார்கள். கொஞ்ச நாள் பொறுத்தால் வேறு வேலை தேடிக்கொண்டு, அதன் பிறகு எழுதுகிறேன். பெயர்களை மாற்றிப் போட்டால் எல்லோருக்குமே பாதுகாப்பு இல்லையா?

இந்தக் கவரில் என்னால் முடிந்ததை வைத்திருக்கிறேன். ஸ்லாத்காவுக்கு முதலில் கொடு.

பிஸ்த்ரா


ஃபெராரா, ஆகஸ்ட் 17

பிஸ்த்ரா,

கவரைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் பணம் கேட்கவில்லை. ஏழு காகிதம் கொடுத்தேன். போடு. பயமாக இருந்தால் திருப்பிக் கொடு, தைரியம் உள்ள யாரிடமாவது கொடுத்துக்கொள்கிறோம்.

ருமியானா


சோபியா, செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை நீதான் நலம் விசாரிக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்: மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

உன் நான்கு வரியைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனேன். அந்த ஒரு மாதத்தில் இன்னும் இரண்டு கட்டுரை என் பெயரில் வந்தது. இரண்டாவதைப் பார்த்த அன்று ஏழு காகிதங்களையும் மறுபடி எடுத்தேன். உன்னுடையதை அதுவரை நான் படித்திருக்கவில்லை. பயம். தொகை எழுத வேண்டிய இடத்தில் நீ "எட்டு வருடம்" என்று மட்டும் எழுதியிருந்தாய். கீழே கையெழுத்து. வேறு ஒரு குறையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒருவனுடைய பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்காக எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்றிருந்தபோது, என் மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலேயே போட்டேன். அதே பெயர், அதே படம். தலைப்பு: "இந்தச் செய்தியை யாரும் விலைக்கு வாங்கவில்லை." விலைப் பட்டியலை அப்படியே போட்டேன். ஏழு பேர் எழுதியதையும் ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன். உனக்கு நான் சொல்லாத ஒன்றையும் எழுதினேன். என் பெயரில் வந்த பதின்மூன்று கட்டுரைக்கும் எனக்கு ஒரு பங்கு கிடைத்தது. முதல் பங்கை வாங்கும்போது கை கூசியது, மூன்றாவதற்குக் கூசவில்லை. அந்தக் குளிர் கோட்டு அதில் வாங்கியதுதான்.

ஐம்பது நிமிடம் நின்றது அந்தச் செய்தி. பிளாமென் கேக் தட்டோடு வந்தார்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"செய்தி போட்டிருக்கேன். நீங்க சம்பளம் குடுக்கிறது அதுக்குத்தானே?"

"நீ இனிமே இந்த ஊர்ல ஒரு வரி எழுத முடியாது."

"நீங்க போட்ட பதிமூணையும் நான் எழுதலையே. எழுதாம இருந்து எனக்குப் பழக்கம்தான்."

என் பையையும் செடித்தொட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். படி இறங்குவதற்குள் இரண்டு பத்திரிகைகள் அதை நகல் எடுத்துவிட்டன. எங்கள் தொழிலில் இருக்கும் மற்றத் தளங்கள் மூச்சு விடவில்லை. அவர்களிடமும் இதே மாதிரிப் பட்டியல் இருக்கிறது. அரசு வக்கீல் அலுவலகம் மூலப் பட்டியலைக் கேட்டிருக்கிறது. வார்னாப் பெரியவர் என் எண்ணைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். ஒரு மணி நேரம் திட்டினார். நான் வைக்கவில்லை. கடைசியில், அடுத்து எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

ஜெதோன் என் மேல் வழக்குப் போடுவதாக நோட்டீஸ் அனுப்பிவிட்டது. இப்போதைக்கு ஒரு ரொட்டிக் கடையில் காலை வேலை.

உன் பிஸ்த்ரா


சோபியா, நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கிழவரும் நீயும் நலம்தானே. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. ரொட்டி அடுப்புப் பக்கத்திலேயே நிற்பதால் எனக்குக் குளிர் தெரியவில்லை.

வழக்கு இருபத்து நான்காம் தேதி. ஜெதோனின் வக்கீல் கொடுத்த பதிலை நேற்றுப் படித்தேன். அந்த ஏழு பெண்களும் இல்லாத ஆட்களாம். வேலையில் அதிருப்தி அடைந்த ஊழியர் கற்பனையில் உருவாக்கிய பாத்திரங்களாம். கையெழுத்து ஏழும் ஒரே ஆள் போட்டதாகக் கூட இருக்கலாமாம்.

என் வக்கீல் சின்னப் பெண், கெட்டிக்காரி. கையெழுத்து நிபுணரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். உங்களை அலைய வைக்க எனக்கு மனமில்லை. ஒரு நாள் லீவு கேட்டாலே வேலை போகிற வீடுகள் உங்களுடையவை. தெரிவிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். நான் சமாளித்துக்கொள்வேன்.

பிஸ்த்ரா


ஃபெராரா, நவம்பர் 15

என் பிஸ்த்ராவுக்கு,

நீ நலமாக இரு. இருந்தே ஆக வேண்டும், இருபத்து நான்காம் தேதி வரைக்குமாவது.

உன் கடிதத்தைப் பூங்காவில் படித்தேன். நல்ல மழை, எல்லோரும் வாத்துக் குளக்கரைக் கூரையின் கீழ் ஒடுங்கி நின்றோம். "இல்லாத ஆட்கள்" என்ற இடம் வந்ததும் ஸ்லாத்கா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். ஜூலையிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். படித்தேன்.

"நான் இல்லையாமா?" என்றாள். "அப்போ இந்த முட்டி வலி யாருக்கு இருக்கு, அவன் அம்மாவுக்கா?"

நான்கு மாதம் கழித்து எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் முடிவாகிவிட்டது. ஏழு பேரும் வருகிறோம்.

பக்கத்து பெஞ்சில் உட்காரும் மால்டோவாக்காரிகளும் உக்ரைன்காரிகளும் எங்கள் வீடுகளை ஆளுக்கொரு நாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். போகிறதானால் திரும்பி வர வேண்டாம் என்றாள் ஜினோவின் மகள். சரி என்றேன். அப்படி நான் சொல்வேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து, எப்போது திரும்பி வருவாய் என்று அவளே கேட்டாள்.

பணம் திரும்பி வராது. அது எங்களுக்குத் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. நீ வாங்கிய பங்கைப் பற்றியும் எல்லோருக்கும் படித்தேன், மறைக்கவில்லை. யோர்தான்கா உன்னைத் திட்டினாள், நேரிலும் திட்டுவாள். வாங்கிக்கொள். அதன் பிறகு அவளுக்குச் சாப்பாடு போடு.

ஏழு பேரும் உன் வீட்டுத் தரையில்தான் படுப்போம். பெரிய பானையில் பீன்ஸ் வை, கடையில் வாங்காதே, ஸ்லாத்கா வருகிறாள். நீதிமன்றத்தில் எங்களை முன் வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறாள் உன் வக்கீல். போன் செய்து கேட்டுவிட்டேன். நீதிபதி பெயர்களைப் படிக்கும்போது ஒவ்வொருத்தியாக எழுந்து நிற்போம். நீ எங்கள் பக்கம் திரும்பாதே. அந்த ஜெதோன் வக்கீலின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிரு.

இப்படிக்கு,
இருக்கிற ருமியானா

இருக்கிற ஸ்லாத்கா, இருக்கிற பென்கா, இருக்கிற யோர்தான்கா. மற்ற மூன்று பேரும் பெட்டி கட்டப் போய்விட்டார்கள். அவர்களும் இருக்கிறார்கள்.